குப்புறப் படுக்க முடியாத இரவு

வேப்பந்தட்டைக்கு மேற்கே, எங்கள் களத்தில் அன்று வரகுப் போரடித்து முடிந்திருந்தது. இருட்டிச் சற்று நேரம்தான். நான் நிறைமாதக்காரி. மாமியார் எனக்குச் சொந்த அத்தை, அப்பாவின் அக்கா. போரடித்த ஆட்களும் மாடுகளும் இன்னும் களத்தில்தான் இருக்க, நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம்.

என் முதல் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே துடிப்படங்கிப் போனது. அதிலிருந்து அத்தை என்னைத் தனியாக விடுவதே இல்லை. களத்துக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். கிரகணத்தன்று கதவைச் சாத்தி, சன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, உடம்பைச் சொறியக்கூட விடாமல் என்னை உட்காரவைத்தவர். கிரகணத்துக்குப் பஞ்சாங்கம் இருக்கிறது. அன்றைக்கு வந்ததற்கு யார் நாள் குறித்துக் கொடுத்தார்கள்?

பச்சைமலைப் பக்கம் வானம் திடீரென்று வெளுத்தது. நிமிர்ந்து பார்த்தேன். பூசணிக்காய் போல ஒரு நெருப்பு, வாலை இழுத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் எங்கள் தலைக்கு மேலே போனது. கீழே கிடந்த துரும்புக்குக்கூட நிழல் விழுந்து ஓடியது. அத்தையின் முகம் பட்டப்பகலில் பார்ப்பதுபோலத் தெரிந்தது. அந்த முகத்திலிருந்த பயத்தைப் பார்த்துத்தான் நான் வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.

அது எரிகல் என்று பிற்பாடுதான் சொன்னார்கள். அப்போது சண்டைக்காலம். ஜப்பான்காரன் குண்டு போட வந்தால் விளக்கை அணைத்துக் குப்புறப் படுக்க வேண்டுமென்று ஊரில் தண்டோரா போட்டிருந்தார்கள். எங்கள் வரகுக் கொல்லையில் குண்டு போட்டு அவனுக்கு என்ன கிடைக்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "குண்டுடா! படுங்கடா!" என்று யாரோ கத்த, களத்திலிருந்த அத்தனை பேரும் பொத்துப்பொத்தென்று விழுந்தார்கள்.

"குப்புறப் படுடி!" அத்தை என் தோளைப் பிடித்து அமுக்கினார்.

"எப்படி அத்தே படுக்கறது? வயிறு இருக்குல்ல?"

"ஐயோ, அதைக் கண்ணால பாத்துட்டியாடி?"

ஒருக்களித்துக் கிடந்தேன். வெளிச்சம் போய் மறுபடி இருட்டு. அப்போதுதான் கவனித்தேன், பிள்ளை அசையவில்லை. சாயங்காலமெல்லாம் உதைத்துக்கொண்டிருந்தது. கையை வைத்து அழுத்தினேன். ஒன்றுமில்லை. முதல் பிள்ளைக்கும் இப்படித்தான் வயிறு கல்லாய்க் கனத்தது. குண்டு என் தலையிலேயே விழட்டும், இது ஒரு தரம் அசைந்தால் போதும் என்றிருந்தது. அத்தையிடம் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் உண்மையாகிவிடுமோ என்று பயந்தேன்.

எவ்வளவு நேரம் கிடந்தோமோ தெரியாது. "போயிருச்சு போல" என்று ஒருவர் எழுந்திருக்கப் போனார். அந்த நேரம் பார்த்து, நெருப்பு போன திசையில் வானம் இடித்தது. தரை அதிர்ந்தது. மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. களமே அலறியது. என் விலாவில் ஓங்கி ஓர் உதை விழுந்தது.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"மூளை கலங்கிருச்சாடி உனக்கு?" என்று அத்தை என்னைப் பிடித்து உலுக்கினார். "இத்தனை நேரம் அசையவே இல்ல அத்தே" என்றேன். அவர் கையை இழுத்து வயிற்றின் மேல் வைத்தேன். இன்னோர் உதை.

அத்தை கையை எடுக்கவே இல்லை. சுற்றிலும் எல்லோரும் மண்ணில் முகம் புதைத்துக் கிடக்க, நாங்கள் இருவர் மட்டும் அந்த இருட்டில் எழுந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தோம்.