கூடைக்குள் இருந்த வாள்

போன வாரம் மகளின் புத்தகப்பையைத் துவைக்க எடுத்தபோது ஒரு கொப்பி விழுந்தது. அவளுக்குப் பதினாறு வயது. பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நான் நம்பியிருந்த நேரமெல்லாம் அதில் கதை எழுதி ஒரு நாட்டையே உருவாக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அங்கே பெண்கள்தான் படை நடத்துகிறார்கள். முதல் பக்கத்திலேயே அரசி தன் வாளை ஒளித்து வைக்க இடம் தேடுகிறாள். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

இதே மாதிரி ஒரு கதையை நான் கேட்டபோது எனக்கு ஏழு வயது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் அம்மா, தாய்மாமா, அம்மாவின் தங்கையான சித்தி, நான் என நாலு பேர் இருந்தோம். பத்தாம் வகுப்புப் பரீட்சை பாஸாகியும் சித்தி கொழுந்துதான் பறித்தாள். ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு மாப்பிள்ளைக்கு அவளை மாமா பேசி முடித்திருந்தார்.

வேலை முடிந்து வந்து எனக்குத் தலைவாரும்போது சித்தி கதை சொல்வாள். ஏழு மலைகளுக்கு ஓர் அரசி, அவளுக்கு ஏழு தளபதிகள், எல்லோரும் பெண்கள். பகலில் கொழுந்து பறிப்பார்கள். கூடையின் அடியில் வாளை வைத்துச் சாக்கால் மூடியிருப்பார்கள்.

"ஏன் சித்தி அங்க?"

"பொம்பள கூடைக்குள்ள எந்த எதிரி கைய விட்டுப் பாப்பான்? எத்தன கிலோன்னுதான் பாப்பான். வாயப் பொளக்காம கேளு, ஈ போயிரும்."

கதையில் அரசி போருக்கு மலையிறங்கும் நாள் நெருங்கியது. என்றைக்கு என்று நச்சரித்தேன். "வர்ற வெள்ளிக்கிழம" என்றாள். அரசிகளும் கலண்டர் பார்ப்பார்கள் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி வெளியே பீலித் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மாமா கதிரையில் சாய்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தளபதியாகும் ஆசை வந்துவிட்டது. பெட்டி மேல் ஏறி, சுவரில் மாட்டியிருந்த சித்தியின் கூடையை இறக்கினேன். அடியில் சாக்கு. சாக்குக்குக் கீழே பொலித்தீனில் சுற்றிய ஏதோ தட்டுப்பட்டது.

"மாமா! வாள் கெடச்சிருச்சு!"

"கொண்டா, யாரு தலைய வெட்டலாம்னு பாப்போம்" என்று சிரித்தபடி வாங்கிப் பிரித்தார். அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ், ஒரு கடிதம். வெள்ளிக்கிழமை ஆசிரியர் பயிற்சிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வாசித்து முடிப்பதற்குள் மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

ஈரத் துணியோடு சித்தி உள்ளே வந்தாள்.

"யாரக் கேட்டு எழுதிப் போட்ட?"

"பரீட்ச எழுதுனது நானு. யாரக் கேக்கணும்?"

அம்மா அவளைத்தான் அதட்டினாள். மாமா எழுந்துபோய்க் கடிதத்தையும் சான்றிதழையும் அடுப்பில் வைத்தார். கோபமாகக்கூட இல்லை, விறகு வைப்பதுபோல வைத்தார். சித்தி பாய்ந்து அடுப்புக்குள் கையை விட்டாள். அம்மா அவளை இடுப்போடு பிடித்து இழுத்தபோது கையில் வந்தது கருகிய ஒரு மூலை மட்டும்தான். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து லயத்துக்காரர்கள் வந்து வாசலில் நின்றார்கள். யாரும் உள்ளே வரவில்லை.

என்னை அவள் அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் புறப்பட்டாள்.

"ராணி இன்னைக்கு எறங்கணுமே, சித்தி?"

"எந்த ராணி?" என்றாள்.

கதையைப் பாதியில் விட்டுவிட்டாளே என்று இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. எனக்குப் புதுச் சட்டை கிடைத்தது.

போன வாரம் அன்று மாலை, கண்டி டவுனில் டியூஷன் முடிந்து வந்த மகள் முதலில் பையைத்தான் பார்த்தாள்.

"அம்மா, என் பேக்கத் தொறந்தீங்களா?"

"இல்ல. நீயே தொவைச்சுக்க."

கொப்பியை இருந்த இடத்திலேயே வைத்திருந்தேன். பைக்குள் சிப் வைத்த ஒரு சின்ன அறையும் இருந்தது. அதைத் தொடவில்லை. தொட்டிருக்க வேண்டுமோ என்று இன்றும் யோசிக்கிறேன்.

எந்த எதிரியும் கூடைக்குள் பார்க்க மாட்டான் என்றுதான் சித்தி சொல்லியிருந்தாள். நான் எதிரி இல்லையே என்றுதான் பார்த்தேன்.