மண்ணுக்குள் போக இருந்த எதிர்வீட்டு டப்பா

நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும், பாதி மறந்தும் போச்சு. மன்னிச்சுக்கோங்க.

எங்கள் ஊரப்பாக்கம் ஃபிளாட்ஸில் கொடிக்கம்பத்துக்குப் புது மேடை கட்டினார்கள். அதன் அடியில் ஒரு டிரம் புதைக்கப் போகிறோம், ஐம்பது வருஷம் கழித்துத் திறக்கிறவர்களுக்கு நாம் வாழ்ந்தது தெரியட்டும், வீட்டுக்கு ஒரு பொருள் கொடுங்கள் என்றார் செக்ரட்டரி. மூன்றாவது மாடிக்கு ஒழுங்காகத் தண்ணி ஏற்றத் தெரியாதவர், ஐம்பது வருஷத்துக்குத் திட்டம் போடுகிறார். இதை வாய்க்குள்ளேதான் சொன்னேன். நான் எப்பவும் வாய்க்குள்தான் பேசுவேன்.

லாஃப்டில் கைக்கு அகப்பட்ட எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்துவிட்டேன். கண்ணாடி போட்டுப் பார்க்கவில்லை.

புதைக்கிற அன்று செக்ரட்டரி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி டிரம்மில் போட்டார். வேலை செய்யாத ரிமோட், ஒற்றைச் செருப்பு, யாரோ ஒருத்தரின் பல்செட். குப்பை வண்டிக்காரர் எடுக்க மாட்டேன் என்றதெல்லாம் சரித்திரம் ஆகிவிட்டது. அப்புறம் என் டப்பா. மூடியில் வெட்டியிருந்த பேரைச் சத்தமாகப் படித்தார்.

எதிர்வீட்டுப் பெண்ணுடைய அம்மாவின் பேர்.

ஒரு தீபாவளிக்கு அந்தப் பெண் அதில் அல்வா கொடுத்தாள். வெறும் டப்பாவையா திருப்பித் தருவது, ஏதாவது நல்லதாகச் செய்து போட்டுத் தரலாம் என்று வைத்தேன். எனக்கு நல்லதாக எதுவும் செய்ய வராது. டப்பா லாஃப்டுக்குப் போனது. பிறகு அவள், செத்துப்போன அம்மாவின் டப்பா என்று அழுதுகொண்டு தேடினபோது, நானும் அவள் கட்டிலுக்கடியில் குனிந்து தேடினேன். சத்தியமாக மறந்துதான் போச்சு.

"உங்க மாமியார் பேராம்மா?" என்றார் செக்ரட்டரி.

எதிர்வீட்டுப் பெண் தாம்பரத்தில் ஆபீஸில் இருந்தாள். நான் தலையாட்டியிருந்தால் முடிந்தது. கொத்தனார் கலவையோடு நிற்கிறார்.

"இல்ல சார். அது எங்களுது இல்ல. போடாதீங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லிஸ்ட் எழுதி லேமினேஷனே போட்டாச்சே என்று அவர் சலித்துக்கொண்டார். கையிலிருந்த கொசு அடிக்கிற பேட்டை நீட்டினேன். நாங்கள் வாழ்ந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

சாயங்காலம் டப்பாவில் நாலு பிஸ்கட் போட்டு எதிர்வீட்டு பெல்லை அடித்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் அம்மா பேரை விரலால் தடவினாள். பிறகு மூடியைத் திறந்து பார்த்தாள்.

"என் ஸ்வீட்டுக்கு இதானாக்கா?"

அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

லிஸ்டில் எங்கள் வீட்டுக்கு நேராக இன்னும் டப்பா என்றே இருக்கிறது. யாராவது பார்த்துத் திருத்துங்கள். தீபாவளிக்குக் கொடுத்தது அல்வாவா, கேசரியா என்பதையும் அவளிடமே கேட்டுவிடுங்கள். எனக்குக் கேட்க வெட்கமாக இருக்கிறது.