என் முதுகு தானாக நிமிர்ந்த நாள்

பனிமலைச் சறுக்கு ஓட்டத்தில் போட்டியிடுகிறேன் என்று நான் சொன்னால் எங்கள் புறநகரான கிரவீனில் யாரும் உடனே நம்புவதில்லை. சக்கர நாற்காலியைப் பனியில் தள்ளிவிடுவார்களா என்று கோயிலில் ஓர் அன்ரி கேட்டார். இல்லை. ஒற்றைச் சறுக்குப் பலகையின் மேல் வாளிபோல ஓர் இருக்கை. அதற்குள் என்னை இறுக்கிக் கட்டிவிடுவார்கள். கைகளில் சின்னப் பலகை பொருத்திய இரண்டு ஊன்றுகோல்கள். மற்றதெல்லாம் மலையின் சரிவும் என் கொழுப்பும்தான்.

பத்தொன்பது வயதில் கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்தது. கால்கள் செயலிழந்தன, வயிற்றுத் தசைகள் வேலை செய்வதும் சந்தேகம் என்றார்கள். அம்மா அந்தச் சந்தேகத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். ஆறு வருடங்களாக வேலையால் வந்ததும் என்னைக் குசினிக் கதிரையின் நுனியில் இருத்தி, தோளைப் பிடித்து, பிறகு கையை எடுத்துவிட்டு எண்ணுவார். தொடக்கத்தில் இரண்டு எண்ணுவதற்குள் அவர் மேலேயே சாய்ந்துவிடுவேன். வெளியாட்கள் கேட்டால் மட்டும், "இப்ப நல்லா இருக்கிறாள், நிமிர்ந்து இருக்கிறாள்" என்பார். இயலாது என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் அனுமதியில்லை.

போட்டியிலோ அந்தச் சொல்லுக்கு மரியாதை அதிகம். உட்கார்ந்து சறுக்குபவர்களை உடலின் வலுவைப் பார்த்துப் பிரிப்பார்கள். வலு குறைந்தவரின் ஓட்ட நேரத்திலிருந்து கூடுதலாகக் கழிப்பார்கள், வலு உள்ளவருக்குக் குறைவாக. உள்ளூர்ப் போட்டிகளில் என்னைத் தற்காலிகமாக ஆகக் குறைந்த வலுவுள்ள பிரிவில் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கில் ஐரோப்பாவுக்குப் போகும் அணியில் கடைசி இடம் எனக்குத்தான். பிரிவை உறுதிசெய்யும் சர்வதேசப் பரிசோதனை ஒன்று மட்டும் மிச்சம்.

அது மெல்பேர்னில் நடந்தது. துணைக்கு ஒருவர் வரலாம் என்றார்கள். அம்மா பரீட்சைக்கு அனுப்புவதுபோல என்னைத் தலைமுழுக வைத்து, திருநீறு பூசி, கூடவே விமானம் ஏறினார். "பயப்படாமல் முழுக்கச் செய்து காட்டு பிள்ளை" என்றார். விதிகளை நான் அவருக்கு விளக்கியிருக்க வேண்டும். அவருடைய உற்சாகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

இரண்டு பரிசோதகர்கள் என்னை உயரமான வாங்குப் பலகையின் ஓரத்தில் இருத்தினார்கள். கைகளை மார்பில் கட்டி, முன்னால் குனிந்து எழும்பச் சொன்னார்கள். குனிந்தேன். எதிர்ச் சுவரோரம் அம்மாவின் உதடுகள் எண்ணுவது தெரிந்தது. எழும்பிவிட்டேன். இன்னொரு தடவை கேட்டார்கள், அதுவும் முடிந்தது. "வீட்டில் இதைவிட நன்றாகச் செய்வாள்" என்று அம்மா யாரும் கேட்காமலே ஆங்கிலத்தில் சொன்னார். பரிசோதகர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே எழுதினார். எழும்பியது என் தசையா அம்மாவின் உதடுகளா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் பயிற்சியாளர் தொலைபேசியில் வாழ்த்தும் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். எனக்கு வலு கூடிய பிரிவாம். முன்பு ஓடிய அதே ஓட்டம், அதே நேரம். புதிய கணக்கில் போட்டதும் அணியில் எனக்கு இடமில்லை. செத்துவிட்டது என்று எல்லோரும் கைகழுவிய தசை உயிரோடு இருக்கிறது என்று அந்நியர் ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அழுதேன், ஆனால் எதற்கு அழுகிறேன் என்று தெரியாமல் அழுதேன். அம்மாவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். அவர் வெள்ளிக்கிழமை அர்ச்சனை செய்து, கோயில் முழுக்க வடை கொடுத்தார்.

கோயில் கார்த் தரிப்பிடத்தில் அந்த அன்ரி வந்து, "டொக்டரே எழுதித் தந்திட்டாராம். எப்ப ஐரோப்பா?" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்துவிட்டு, காருக்குள் ஏறியதும் அம்மாவிடம் மிச்சத்தையும் சொன்னேன். அவர் காரை இயக்காமல் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் பழக்காமல் விட்டிருந்தால் நீ போயிருப்பாய் என்ன?"

"அப்பிடியில்லை அம்மா."

"வேற எப்பிடி?"

நான் இருக்கைப் பட்டியை இழுத்துப் பூட்டினேன்.

"திரும்ப ஒருக்கால் பாக்கச் சொல்லிக் கேக்கேலாதோ?"

"கேக்கலாம்."

"அப்ப கேள். இந்தமுறை விழுந்து காட்டு பிள்ளை."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அது களவு, பிடித்தால் தடை, என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று காரே அதிரக் கத்தினேன். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று காலையிலேயே மறுபரிசோதனைப் படிவத்தைத் தரவிறக்கி வைத்திருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. அறைக் கதவைப் பூட்டிவிட்டு, கட்டில் ஓரத்தில் இருந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, சரிந்து விழப் பழகிப் பார்த்ததையும் சொல்லவில்லை. மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் விழ முன்னமே முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது.