கெர்லான் மாளிகையின் மூக்கில்லாத சிங்கம்

கெர்லான் மாளிகைக்கு நானூறு வயது. எர்வெலினுக்கு அறுபத்திரண்டு. இருவரில் யாருக்குப் பிடிவாதம் அதிகம் என்று பந்தயம் கட்டினால் மாளிகை தோற்றுவிடும்.

பேர்தான் மாளிகை. பிரபுக்கள் போனபின் குடியானவர்கள் வீடாகிவிட்டது. எர்வெலின் அந்தப் பெரிய கூடத்திலேயே பிறந்தாள். சுழல்படிக்கட்டில் கோழி அடைகாக்கும், குளிர்காலத்தில் கூடத்தின் பாதி பசுக்களுக்கு. புயலில் ஓடு பறந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஏறுவது அவள்தான். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "இந்தக் கூரையைக் கட்டிக்கிட்டு அழறது போதாதா?" என்பாள்.

ஊர்க்காரர்கள் எங்களுக்கோ அது இலவசக் கல்குவாரி. பாதிரியார் வீட்டுப் படி அங்கிருந்து வந்தது. சைடர் என்கிற ஆப்பிள் கள் விற்கும் கடையின் வாசல்நிலையும் அப்படித்தான். கூடத்துக் கணப்பின் மேலிருந்த சிங்க முத்திரைக் கல்லை என் தாத்தா எடுத்து வந்தார். 'எடுத்து வந்தார்' என்பது குடும்ப மரியாதைக்காகச் சொல்வது. எங்கள் பன்றிக்கொட்டில் சுவரில் அது அழகாகப் பொருந்தியது.

துண்டு வயல்களை ஒன்றுசேர்க்க புல்டோசர்கள் வந்த வருடம், புதுச் சாலைக்காக மாளிகையை இடிப்பது என்று முடிவாயிற்று. பழஞ்சின்னம் என்று கெம்பேர் நகரத்து அதிகாரி ஒருவர் கையெழுத்திட்டால் மட்டுமே தப்பும். அவர் வந்தார். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன்.

"தரையில மாடு மிதிச்ச குழிதான் இருக்கு. அதுக்காக சிமெண்ட் பூசினீங்கன்னா கையெழுத்து கிடையாது" என்றார். பிறகு கணப்பின் மேலிருந்த ஓட்டையைப் பார்த்தார். "முத்திரைக் கல் எங்கம்மா? அது இல்லாம நான் என்னன்னு எழுதறது?"

"கழுவக் குடுத்திருக்கேன் சார். சனிக்கிழமை வந்துடும்" என்றாள் எர்வெலின், கண் இமைக்காமல்.

"சரி, திங்கட்கிழமை வர்றேன்."

குடித்துக்கொண்டிருந்த சைடர் எனக்குப் புரையேறியது.

அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழிகளில் புதுக் களிமண் கொட்டி, சனிக்கிழமை தரைமிதி ஆட்டம் என்று ஊருக்குச் சொல்லியனுப்பினாள். புதுத்தரையை மரச்செருப்போடு ஆடித்தான் இறுக்குவோம். அதற்குக் கூப்பிட்டு வராதவன் வீட்டுத் தரையை ஊரில் ஒருவரும் மிதிக்கமாட்டார்கள். போனேன்.

குழல்காரர்கள் ஊத, சுண்டுவிரல் கோத்து வட்டமாக ஆடினோம். என் பக்கத்தில் எர்வெலின். வட்டம் சுற்றும்போதெல்லாம் அந்த ஓட்டை என் முகத்துக்கு நேரே வந்தது.

"உன் பன்னிக்கு முதுகு அரிப்பு எப்படிடா இருக்கு, கொராந்தா?"

"எந்தப் பன்னிக்கு, அக்கா?"

"சிங்கத்து மேல தேய்ச்சுக்குமே, அதான்."

எனக்குக் கால் பின்னியது.

"நின்னுடாத. மிதி, மிதி."

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் கேக்கல?"

"கேட்டிருந்தா உங்கப்பன் 'எந்தக் கல்லு'ன்னிருப்பான். நீயும் அதையேதான் சொல்லியிருப்ப."

உண்மைதான். "இப்ப மட்டும் ஏன் கேக்கறே?"

"இப்பவும் கேக்கல. அந்தாள்கிட்ட சனிக்கிழமைன்னு சொன்னேன். இன்னைக்கு சனிக்கிழமை."

குரலில் நக்கல் குறையவில்லை. ஆனால் அவள் சுண்டுவிரல் என் விரலை நெரித்தது. கூரையில் நின்று புயலோடு சண்டைபோடுகிறவள் பயந்துபோயிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

விரலை விடுவித்துக்கொண்டு ஓடினேன். கடப்பாரையால் கொட்டில் சுவரைப் பெயர்த்தேன். பன்றி தெருவோடு போயிற்று. கல்லை டிராக்டரில் ஏற்றிக் கூடத்துக்குக் கொண்டுவந்தபோது குழல் நின்றது. எல்லோரும் சிங்கத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பாதிரியார் மட்டும் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பூசை முடிந்து அவரைப் பார்க்கப் போனவர்கள், வாசல்படி மாளிகைக்கே திரும்பிவிட்டதால், பலகை வைத்துத்தான் அவர் வீட்டுக்குள் ஏறவேண்டியிருந்தது.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். தரையைக் குதிகாலால் உதைத்துப் பார்த்தார், அசையவில்லை. கணப்பின் மேல் சிங்கம் உட்கார்ந்திருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார்.

"இதுக்கு மூக்கு எங்கம்மா?"

எர்வெலின் என்னைக் கைகாட்டினாள்.

"கழுவினவன் கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சுட்டான் சார்."

அதிகாரி என்னை முறைத்தார். முறைத்துக்கொண்டே பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.