இரண்டு மேசைகளுக்கு ஒரு நாற்காலி

அந்த அறையில் மேசைகள் இரண்டு. இடது பக்கத்து மேசையில் கல்லூரிகளின் அங்கீகாரக் கோப்புகள். வலது பக்கத்து மேசையில் மாணவர்களின் உதவித்தொகைக் கோப்புகள். ஒரு காலத்தில் இரண்டுக்கும் இரண்டு பேர் இருந்தார்கள். வலது பக்கத்துக்காரர் ஓய்வு பெற்ற அன்று, புது ஆள் வரும்வரை கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இடது பக்கத்துக் கண்காணிப்பாளரிடம் சொன்னார்கள். அது ஒன்பது வருடத்துக்கு முன்பு. அவர் மேசைகளை எதிரெதிராகத் திருப்பிப் போட்டு, நடுவில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். காலையில் இந்தப் பக்கம், மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம். 'ரெட்டை மேசை' என்று பெயர் விழுந்தது. வைத்தவர் துறையின் வண்டி ஓட்டுநர். நேரில் பார்த்தால் அக்கா என்பார்.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. வேலையில் சேர்ந்து முப்பத்தோரு வருடம். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. "கோபத்துக்கும் தெம்பு வேணும்ல" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

இடது மேசை ஒரு கல்லூரிக்கு அங்கீகாரம் மறுத்தால், வலது மேசையில் அந்தக் கல்லூரிப் பிள்ளைகளின் உதவித்தொகை நின்றுவிடும். விதி அப்படி. இரண்டு பேர் இருந்த காலத்தில் இது ஒருவரையும் உறுத்தவில்லை. மறுத்தவர் வேறு, நிறுத்தியவர் வேறு.

வருடத்தில் மூன்று மாதம் ஆய்வுக்குப் போகவேண்டும். படிவத்தின் பதினான்காவது கட்டம், முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பது. எண் மட்டும் எழுதினால் போதும். கல்லூரிக்காரர்கள் எல்லா ஆசிரியர்களையும் ஒரு கூடத்தில் உட்காரவைப்பார்கள். துறையின் பெயரைச் சொன்னதும் அந்தத் துறைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். அக்கா பேனா முனையால் காற்றில் குத்திக் குத்தி எண்ணுவார். எண்ணிக்கையில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று போன கல்லூரியில் வேதியியல் என்றதும் ஐந்து பேர் எழுந்தார்கள். ஐந்தாவது ஆளின் மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கக் கால் இல்லை. நூல் கட்டிக் காதில் மாட்டியிருந்தார். பேனா அங்கேயே நின்றது. அந்த நூலைப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் வேறொரு கல்லூரியில், வேறொரு கூடத்தில் பார்த்திருந்தார்.

நாற்பத்தாறு என்று எழுதிவிட்டு வெளியே வந்தார். அந்த ஆள் தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தார்.

"சார், நீங்க போன வாரத்துக்கு முந்தின வாரம்..."

"ஆமா மேடம். அங்கயும் நான்தான்."

அவரிடம் பதற்றம் இல்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"எத்தனை காலேஜ்?"

"சீசனுக்கு ஏழு, எட்டு வரும்."

"சீசனா?"

"உங்க சீசன்தான் மேடம் எங்க சீசன். நான் டாக்டரேட் வாங்கினது நிஜம். அதுல சந்தேகப்படாதீங்க. வேலைதான் கிடைக்கல." பிறகு கொஞ்சம் தயங்கினார். "இதுக்கு முன்னாடி மூணு தடவ என்னை எண்ணியிருக்கீங்க. ஒரு தடவ, 'கண்ணாடிய மாத்துங்க, கண்ணு கெட்டுரும்'னுகூடச் சொன்னீங்க. நல்ல மனசு மேடம் உங்களுக்கு."

அக்காவுக்கு அது நினைவில்லை.

ஆய்வுக்கூடத்தை இன்னொரு முறை பார்க்கவேண்டும் என்று முதல்வரிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். குடுவைகள் புதிதாக இருந்தன. சிலவற்றில் விலைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெண் குறிப்பேட்டில் எதையோ பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பாடம் எடுக்கிறது யாரும்மா?"

"லேப் அண்ணன். குடுவை கழுவுறவர். அவருக்குத் தெரிஞ்சத சொல்லித் தருவார்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மேடம், நீங்க ஸ்காலர்ஷிப் ஆபீஸா? இந்த மாசமாவது வந்துருமா? வரலன்னா ஹாஸ்டல்ல பெட்டியத் தூக்கி வெளிய வச்சிருவாங்க."

"லிஸ்ட்ல இருந்தா வரும்."

"இருக்கேன் மேடம்."

அந்தக் கல்லூரியின் பட்டியலில் நூற்று நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். வலது மேசையில் அவரே தயாரித்த பட்டியல். மூடுவதற்கு ஐந்து வேலைநாட்கள் இருந்தன.

வண்டியில் ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "என்னக்கா, கணக்கு உதைக்குதா?"

"கணக்கு சரியாத்தாம்பா இருக்கு. ஆளுங்கதான் இல்ல."

மறுநாள் இடது மேசையின் பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தார். மூன்று கல்லூரிகள், மூன்று ஆய்வறிக்கைகள், மூன்றிலும் அவருடைய கையெழுத்து. எண்கள் எல்லாம் சரியாக இருந்தன.

இணை இயக்குநர் அவரைவிட இருபது வயது இளையவர். அறிக்கையின் வரைவைப் படித்துவிட்டுக் கண்களைக் கசக்கிக்கொண்டார்.

"எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துற மாதிரி இருக்கு மேடம். நூத்தி நாப்பத்து மூணு பிள்ளைங்க."

"வீடே இல்ல சார். வாசக்கதவு மட்டும்தான் நிக்குது."

"உங்க கையெழுத்து மூணு இருக்கே. மொத கேள்வி உங்களத்தான் கேப்பாங்க."

"அதையும் எழுதியிருக்கேன். மூணாம் பக்கம்."

அவர் மூன்றாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "குறைகளை அடுத்த ஆய்வுக்குள் சரிசெய்யவேண்டும்னு ஒரு வரி சேருங்க. இந்த வருஷம் ஓடிரும். பிள்ளைங்களுக்கும் பணம் போயிரும். ரெண்டு வருஷத்துல நீங்களும் ரிட்டயர் ஆயிருவீங்க."

அந்த வரியை அக்கா முப்பத்தோரு வருடமாக எழுதிவருகிறார். ஒரு எழுத்துகூட மாறியதில்லை. "நாளைக்குச் சொல்றேன் சார்" என்றார்.

வீட்டில் கணவர் மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"கையெழுத்துப் போட்டா அந்தப் பசங்களுக்குப் பணம் வரும்ல?" என்று கணவர் கேட்டார்.

"வரும். பாடம் வராது."

"போடலன்னா?"

"ரெண்டும் வராது."

கணவர் இறக்கையின் அடுத்த பக்கத்தைத் துடைத்தார். "நல்ல துறைடி உங்க துறை. வேற வழியே வைக்கலையா?"

ஒரு வழி இருந்தது. விதிப்புத்தகத்தின் ஒன்பதாம் அத்தியாயம். அங்கீகாரம் இழந்த கல்லூரியின் மாணவர்களை வேறு கல்லூரிக்கு மாற்றினால் உதவித்தொகையும் கூடவே போகும். பட்டியல் மூடுவதற்குள் மாற்றல் ஆணை வந்துவிடவேண்டும். அவ்வளவுதான். அதற்கு இடது மேசை மறுக்கும் அன்றைக்கே வலது மேசை மாற்றலைத் தொடங்கவேண்டும். இரண்டு பேர் இருந்த காலத்தில் ஒரு கோப்பு இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குப் போக மூன்று வாரம் ஆகும். அதனால் அந்த அத்தியாயத்தை ஒருவரும் தொட்டதில்லை.

காலையில் அக்கா அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். இணை இயக்குநரும் போட்டார். "நான் தடுக்கல. ஆனா உங்களுக்கு மெமோ வரும்" என்றார். அக்கா தலையாட்டிவிட்டு வந்து நாற்காலியை வலது பக்கம் திருப்பினார்.

ஒரு மாணவருக்கு மூன்று படிவங்கள். எல்லாவற்றிலும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரியின் ஒப்புதல் வேண்டும். பக்கத்தில் இரண்டு அரசுக் கல்லூரிகள் இருந்தன. முதல் கல்லூரியின் முதல்வர் மறுநாளே ஒத்துக்கொண்டார். இரண்டாம் கல்லூரியின் முதல்வர் கருத்தரங்குக்குப் போயிருந்தார். அவருடைய அறைக்கு வெளியே அக்கா இரண்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

"இத்தனை வருஷம் இவங்கள நீங்க காக்கவச்சீங்க. இப்ப முறை மாறிருச்சுக்கா."

"சிரிப்பு வரலப்பா."

"எனக்கும்தான். சும்மா சொன்னேன்."

கையெழுத்துப் போட்டதிலிருந்து நான்காம் நாள் மாலை ஐந்தரைக்குப் பட்டியல் மூடியது. நூற்றுப் பதினெட்டுப் பேர் மாறியிருந்தார்கள். இரண்டாம் கல்லூரியின் ஒப்புதல் கிடைக்காமல் நின்ற இருபத்தைந்து பேர் மாறவில்லை. கூடுதல் அவகாசம் கேட்டு எழுதியதற்கு மறுநாள் காலையே பதில் வந்தது. அந்தத் துறையில் அவ்வளவு வேகமாக ஒரு பதில் வந்ததை அவர் பார்த்ததே இல்லை. விடுபட்டவர்களுக்குத் துணைப் பட்டியல் அடுத்த பருவத்தில்தான் என்று அதில் இருந்தது.

மெமோ வந்தது. தவறு நடந்தது உண்மை, முகத்தைப் பார்க்காமல் எண்ணினேன் என்று பதில் எழுதினார். ஒரு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். இடது மேசையை அவரிடமிருந்து எடுத்து அடுத்த அறைக்குக் கொண்டுபோனார்கள். தரையில் நான்கு கால்களின் தடம் மட்டும் கிடந்தது. நாற்காலியைத் திருப்பும் பழக்கம் போக அவருக்குப் பத்து நாள் ஆனது.

ஆறு மாதம் கழித்துத் துணைப் பட்டியல் திறந்தது. இருபத்தைந்து பேரில் பதினான்கு பேர் இருந்தார்கள். மீதிப் பதினொரு பேருக்கு, படிப்பை நிறுத்திய காரணத்தைக் கணினியில் ஏற்றவேண்டும். 'துறையின் தாமதம்' என்று அக்கா எழுதிக் கொடுத்தார். கணினி இயக்குபவள் சின்னப் பெண்.

"மேடம், அப்படி ஒரு ஆப்ஷனே இல்ல."

"என்னல்லாம் இருக்கு?"

"கல்யாணம், உடம்பு சரியில்ல, வேலைக்குப் போயிட்டாங்க, குடும்பச் சூழல், மற்றவை. பதினொண்ணுக்கும் மற்றவைன்னு அடிச்சிரவா?"

"இரும்மா" என்றார் அக்கா. பட்டியலில் பெயர்களுக்குப் பக்கத்தில் தொலைபேசி எண்கள் இருந்தன. முதல் எண்ணை அழைத்தார். நெடுநேரம் அடித்த பிறகு ஒரு அம்மாவின் குரல் வந்தது.

"யாருங்க?"

"ஸ்காலர்ஷிப் ஆபீஸ்ல இருந்து பேசறோம்மா. உங்க பொண்ணு..."

"வந்துருச்சா?" என்றது குரல். பின்னால் பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம். "அவ துணிக்கடைக்கு வேலைக்குப் போறாளே. இப்ப வந்து படிக்கலாமா? சீட்டு இருக்குமா?"

"கேட்டுச் சொல்றேம்மா. நாளைக்கே சொல்றேன்."

வைத்துவிட்டு அக்கா இயக்குபவளைப் பார்த்தார். "இவளுக்கு ஒண்ணும் போடாத. காலியா விடு."

"காலியா விட்டா ஸிஸ்டம் அடுத்த பேருக்குப் போகாது மேடம்."

"போகவேணாம்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது எண்ணை அழைத்தார்.