போர்வையோடு சேர்ந்து எழுந்தேன்

பழைய புடவைகளை அடுக்கி, கையாலேயே போர்வை தைக்கிறேன். முதல் போர்வை. வீட்டில் நான் ஒருத்திதான், அவசரமில்லை.

மதியம் யாரோ கதவைத் தட்டினாங்க. எழுந்தேன், போர்வையும் கூடவே எழுந்தது. மடியில் வச்சுத் தைச்சதில், கட்டியிருந்த புடவையையும் சேர்த்துத் தைச்சிருக்கேன்!

வாசலில் எதிர்வீட்டு நாத்தனார். என் தபாலை அவ வீட்டில் போட்டுட்டாங்களாம். சிதம்பரத்தில் என் மகன் கல்யாணத்தன்னிக்கு, "இந்தப் பச்சைப் புடவை உங்களுக்கு எடுப்பாவே இல்லை அண்ணி"ன்னு சபையில் சொன்னவ. ஒன்பது வருஷமா பேச்சில்லை.

என்னைப் பார்த்துச் சிரிச்சா. "உக்காருங்க அண்ணி, பிரிச்சு விடறேன்."

அரை மணி நேரம் என் முழங்காலை ஒட்டி உக்காந்து, ஊசி முனையால் ஒவ்வொரு தையலாப் பிரிச்சா. என் பக்கத்தில் ஒரு ஆள் உக்காந்து எவ்வளவு நாளாச்சு.

போர்வையோட அடித்துணியைத் தடவினா. "கல்யாணத்துப் பச்சைப் புடவையாச்சே இது! உங்களுக்கு எவ்ளோ நல்லா இருந்துச்சு. இதைப் போயா போர்வையாக்கினீங்க?"

சொன்னதையே மறந்துட்டா பாருங்க!

போகும்போது, "தையல் கோணல்"னு வேற சொல்லிட்டுப் போறா. இதையும் மறக்க மாட்டேன்.

நாளைக்கும் புடவையோடு சேர்த்துத் தைச்சா, வந்து பிரிப்பாளா? உங்களுக்கு என்ன தோணுது?