கிலோமீட்டர் கல்லில் உட்கார்ந்த மதலேனா

பண்டாரவளையில் என்னிடம் ஒன்பது ஓட்டோக்கள் இருக்கின்றன. வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். அவர்களே ஓட்டிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றுவார்கள். கார் ஓட்டிப் பழகிய கைக்கு ஓட்டோவின் ஹேண்டில் சட்டென்று வசப்படாது. அதனால் சாவியைக் கொடுக்கும் முன்னர் ஒரு வெறும் மைதானத்தில் இரண்டு மணி நேரம் பழக்கி விடுவோம். அந்த வேலையை ஐந்து வருடமாகச் செய்பவர் மதலேனா அக்கா.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒல்லியான ஆள். பின் சீட்டில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவரின் தோளுக்கு மேலாக வீதியைப் பார்த்துக்கொண்டே பேசுவார். ஆறடி உயர ஜெர்மன்காரர் பதறி நடுவில் எஞ்சினை நிறுத்திவிட்டாலும் குரல் உயராது. "கையப் பார்க்காதீங்க. ரோட்டப் பாருங்க. கை தானா வரும்" என்று ஆங்கிலத்தில் சொல்வார்.

கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வீட்டில் பிறந்தவர். இருபத்திரண்டு வயது வரைக்கும் கொழுந்து பறித்தார். பிறகு வளைகுடா நாடொன்றுக்கு வீட்டு வேலைக்குப் போனார். அந்த வீட்டு அம்மாவுக்குக் கார் ஓட்டப் பயம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட ஆள் வேண்டும். ஆகவே மதலேனாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசனும் எடுத்துக் கொடுத்தார்கள். தேயிலைச் செடிக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்து பழகிய பெண், எட்டு வரிசையில் வாகனங்கள் பறக்கும் வீதியில் ஏழு வருடம் கார் ஓட்டினார். ஆங்கிலம் அந்தப் பிள்ளைகளோடு பேசிப் பேசி வந்தது. சிங்களம் தோட்டத்துக் கடைகளிலேயே வந்துவிட்டது. ஊர் திரும்பியதும் பழைய ஓட்டோ ஒன்று வாங்கிக் கொஸ்லந்தை ஓட்டோ ஸ்டாண்டில் ஓட்டினார். அந்த ஸ்டாண்டில் அப்போது வேறு பெண் கிடையாது.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் என்னிடம் வேலை செய்வது எப்பேர்ப்பட்ட ஆள் என்பது, போன பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமைதான் எனக்கு விளங்கியது.

அன்று நானும் அக்காவும் பதுளையில் ஒரு கராஜில் நின்றிருந்தோம். காலை பத்து மணி இருக்கும். மரெய்க்கே என்ற ஒல்லாந்துப் பெண்மணியிடமிருந்து போன் வந்தது. அறுபத்தேழு வயதில் தனியாகச் சுற்ற வந்தவர். இரண்டு நாளைக்கு முன்னர் அக்காவிடம் பழகி ஓட்டோ எடுத்துப் போயிருந்தார். மலைப்பாதை வளைவொன்றில் பொலிஸ் மறித்திருக்கிறது. வெள்ளைக் கோட்டைத் தாண்டிவிட்டாராம். பத்தாயிரம் ரூபாய் கையில் கொடுத்தால் விடுவார்களாம், இல்லையென்றால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக் கோர்ட்டுக்கு அனுப்புவார்களாம்.

"ரசீது தருவதாகச் சொன்னார்களா?" என்று அக்கா கேட்டார்.

"ரசீது கேட்டேன். சிரிக்கிறார்கள்."

"ஒன்றும் கொடுக்காதீர்கள். நான் வருகிறேன்."

எந்த வளைவு, எந்தப் பொலிஸ் நிலையம் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தப் பொலிஸ்காரருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். பசறைப் பக்கத்து பஸ்கள் முக்கி முனகி ஏறும் வீதிகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகும் வழியிலேயே நான் சொன்னேன்: "அக்கா, அஞ்சாயிரத்தக் குடுத்திட்டு முடிப்போம். நான் பேசிக் குறைக்கிறன்." எனக்கு அது புதிதில்லை. வருடக்கணக்காகக் கொடுத்துப் பழகியவன் நான். மடித்த நோட்டை லைசனுக்கு அடியில் வைத்து நீட்டுவதில் என் கை அவ்வளவு சுத்தம்.

அக்கா வீதியைப் பார்த்துக்கொண்டே, "தப்பு பண்ணியிருந்தா தண்டம் கட்டலாம் தம்பி. போய்ப் பார்ப்போம்" என்றார்.

வளைவில் ஓட்டோவை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் பள்ளம். சார்ஜன்ட் ஒருவர், நல்ல தடித்த ஆள். கூட ஒரு இளம் கான்ஸ்டபிள். மரெய்க்கேயின் லைசன் சார்ஜன்டின் சட்டைப்பையில் இருந்தது. மரெய்க்கே பர்ஸைத் திறந்து பிடித்தபடி அழுகிற மாதிரி நின்றார்.

அக்கா நேராக அவரிடம் போய், "முதலில் பர்ஸை மூடுங்கள்" என்றார். பிறகு, "கோட்டைத் தாண்டினீர்களா?" என்று கேட்டார்.

"தாண்டினேன். எதிரில் பஸ் அகலமாக வந்தது, பயந்துவிட்டேன். ஆனால் மதலேனா, இந்தப் பணம் எனக்குப் பெரிதில்லை. கொடுத்துவிட்டுப் போகிறேனே."

"உங்களுக்குப் பெரிதில்லை. நீங்கள் போன பிறகும் நாங்கள் இந்த வீதியில்தான் ஓட வேண்டும்."

அதற்குப் பிறகு சார்ஜன்டிடம் திரும்பினார். பேச்சு சிங்களத்தில் நடந்தது.

"சார், பிழை எங்களுடையதுதான். கோட்டைத் தாண்டியிருக்கிறார். தண்டப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். தபால் கந்தோரில் கட்டிவிட்டு லைசனை வாங்கிக்கொள்கிறோம்."

"வெளிநாட்டுக்காரருக்கு அப்படி எழுத முடியாது. கோர்ட்டுக்குத்தான் வர வேண்டும்."

"வருகிறோம் சார். அந்த அம்மா இன்னும் மூன்று கிழமை இங்கேதான் இருக்கிறார். திகதியைப் போட்டுக் கொடுங்கள்."

சார்ஜன்ட் அவரை மேலும் கீழும் பார்த்தார். தோட்டத்துப் பெண் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. "நீ யார்? லோயரா?"

"ஓட்டப் பழக்குகிறவள் சார்."

சார்ஜன்ட் ஓட்டோவைச் சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார், லைட்டைப் போடச் சொன்னார். பின்பக்கத்து இடது சிக்னல் எரியவில்லை. சார்ஜன்டின் முகம் மலர்ந்தது. "இந்த வாகனத்தையே பிடித்து வைக்கலாம், தெரியுமா?"

"அதையும் சேர்த்து எழுதுங்கள் சார். வாகனச் சொந்தக்காரர் இதோ நிற்கிறார்" என்று அக்கா என்னைக் காட்டினார்.

நான் அவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பவன். அந்த நேரத்தில் பள்ளத்தில் இறங்கி ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது.

சார்ஜன்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு வேலை இருக்கிறது. எழுதுகிறபோது எழுதுவேன். நில்லுங்கள்" என்று வீதியின் மறுபக்கம் போய்விட்டார்.

அக்கா சரி என்று தலையாட்டினார். வளைவில் ஒரு கிலோமீட்டர் கல் இருந்தது. சார்ஜன்ட் வாகனங்களை மறிக்கும் இடத்திலிருந்து நாலடி தூரம். அதில் போய் உட்கார்ந்தார். முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். போனை எடுக்கவில்லை, படம் பிடிக்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் மரக்கறி ஏற்றிய லொறி ஒன்று வந்தது. சார்ஜன்ட் கையைக் காட்டினார். டிரைவர் பழக்கதோஷத்தில் நோட்டை உள்ளங்கையில் மடித்துக்கொண்டே இறங்கினார். இரண்டடி வைத்தவர் கல்லில் உட்கார்ந்திருந்த அக்காவைக் கண்டார். அக்கா அவரைப் பார்த்தார். பிறகு சார்ஜன்டைப் பார்த்தார். முறைப்பு இல்லை, ஏளனமும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண் எதிரில் நடப்பதைப் பார்க்கிற பார்வை. டிரைவர் மடித்த கையோடு நடுவீதியில் நின்றார். சார்ஜன்ட் தொண்டையைச் செருமினார். லொறியின் பத்திரங்களை வாங்கிப் புரட்டினார், திருப்பிக் கொடுத்தார். "போ" என்றார். டிரைவர் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஏறும்போது ஒரு தடவை அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்து ஒரு வேன். அதுவும் அப்படியே போனது. பிறகு கேஸ் சிலிண்டர் கட்டிய மோட்டார் சைக்கிள். பிறகு இரண்டு ஓட்டோக்கள். ஒவ்வொரு தடவையும் சார்ஜன்டின் கண் ஒரு கணம் கல்லின் பக்கம் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் "போ" என்றார். ஒரு கட்டத்தில் மறிப்பதையே விட்டுவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு மேலே மூடுபனி இறங்கியது. தூறலும் போட்டது. மூன்று பேரும் ஓட்டோவுக்குள் ஒதுங்கியிருக்கலாம், ஆனால் அக்கா வரவில்லை. மரெய்க்கே குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்தார். "நீங்க உள்ள இருங்க மேடம், சளி பிடிச்சிரும்" என்று தமிழிலேயே சொன்னார் அக்கா. அந்த அம்மாவுக்கு என்ன விளங்கியதோ, அசையாமல் குடையோடு பக்கத்திலேயே நின்றார். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் பகல் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தார்கள். வெள்ளைக்காரப் பெண்மணி குடை பிடிக்க, நம்முடைய பெண் ஒருத்தி பொலிஸுக்கு எதிரில் கல்லில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு மனுஷி ஒரு வார்த்தை பேசாமல், ஒரு வீதியில் காலங்காலமாக நடந்த காரியத்தை நிறுத்தி வைத்திருந்தார். அப்படி ஒன்றை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இரண்டரை மணி நேரம் அப்படிப் போனது. கடைசியில் சார்ஜன்ட் கல்லின் பக்கம் வந்தார். சட்டைப்பையிலிருந்து லைசனை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"எடுத்துக்கொண்டு போ. ஒன்றும் வேண்டாம்."

நான் ஓட்டோவை விட்டுக் குதித்தே விட்டேன். அக்கா லைசனுக்குக் கை நீட்டவில்லை.

"தாண்டியது தாண்டியதுதானே சார். பத்திரம்?"

சார்ஜன்ட் அவரைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா, இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கான்ஸ்டபிளிடம் திரும்பி, "எழுது" என்றார். அந்த இளைஞன் மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்து, பனியில் நனையாமல் குனிந்து மறைத்துக்கொண்டு எழுதினான். கோடு, சிக்னல், இரண்டும். அக்கா எழுந்து, இரண்டு கையாலும் பத்திரத்தை வாங்கி, "நன்றி சார்" என்றார். எழுந்தபோது கால் மரத்துப் போய்த் தடுமாறினார். மரெய்க்கே தோளைப் பிடித்துக்கொண்டார்.

பதுளைத் தபால் கந்தோரில் அன்றே தண்டத்தைக் கட்டினோம். மறுநாள் பொலிஸ் நிலையத்தில் லைசனைக் கொடுத்தார்கள். மரெய்க்கே அந்த ரசீதைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோகப் பிரதி எடுத்துக்கொண்டார்.

அதோடு எல்லாம் சுகமாக முடிந்தது என்று நான் சொன்னால் பொய். அடுத்த ஒன்றரை மாதம் என் ஓட்டோ எது அந்தப் பக்கம் போனாலும் மறித்து அக்குவேறு ஆணிவேறாகச் சோதித்தார்கள். ஹோர்ன் சத்தம், கண்ணாடிக் கீறல், இலக்கத் தகட்டில் சேறு, எல்லாவற்றுக்கும் பத்திரம் வந்தது. நான் அக்காவிடம் புலம்பினேன். "ஒன்பது வண்டியையும் சரி பண்ணிருவோம் தம்பி. அந்தம்மா வளைவுல சிக்னல் போட்டு, அது எரியாம பின்னால வந்தவன் இடிச்சிருந்தா?" என்றார். சரி பண்ணினோம். பிறகு பத்திரங்களும் நின்றன.

ஏப்ரலில் ஹப்புத்தளைப் பக்கம் நான் தனியாகப் போனபோது வேறொரு பொலிஸ்காரர் மறித்தார். வேகம் என்றார். "எழுதுங்கள்" என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கை தானாகப் பர்ஸுக்குப் போனது. கொடுத்துவிட்டேன். இரண்டே நிமிஷ வேலை. திரும்பி வரும் வழி முழுக்க அந்த இரண்டரை மணி நேரத்தை நினைத்தேன். தூரத்தில் நின்று பார்த்தபோதே பிரமித்தவன், அதே நிலைமையில் நானே நின்ற பிறகுதான் அது எவ்வளவு பெரியது என்று கண்டேன்.

வெட்கத்தை விட்டு அக்காவிடம் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை.

"நானும் குடுத்தவதான் தம்பி. ஓட்டோ வாங்கின புதுசுல ரெண்டு வருஷம். ஒரு நாள் பொலிஸ் மறிச்சப்போ கையில ஒண்ணுமே இல்ல. வேற வழியில்லாம, எழுதுங்க சார்னு சொன்னேன். அவருகிட்ட தண்டம் எழுதுற புஸ்தகமே இல்ல. போன்னுட்டாரு. வீட்டுக்கு வந்து விடிய விடிய யோசிச்சேன், ரெண்டு வருஷமா எதுக்குப் பயந்தேன்னு."

மே மாதம் வெசாக் விடுமுறையில் ஒரு காரியமாகக் கொஸ்லந்தை போனவன் அக்கா வீட்டுக்கும் போனேன். அக்கா கோயிலுக்குப் போயிருந்தார். அவருடைய கணவர் எட்வர்ட் இருந்தார். தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. "வாங்க முதலாளி" என்று உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். நான் பெப்ரவரிச் சம்பவத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவர் புரியாமல் பார்த்தார்.

"எந்தப் பொலிசு?"

"அக்கா சொல்லல்லியா?"

"இல்லீங்களே. அன்னைக்கு நனைஞ்சு போய் வந்துச்சு. கால் வலிக்குதுன்னு சொல்லிச்சு, சுடுதண்ணி வெச்சுக் குடுத்தேன். அவ்வளவுதாங்க."

நான் முதலிலிருந்து சொன்னேன். லொறி டிரைவர் மடித்த நோட்டோடு நின்றது, குடை, மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள், "பத்திரம்?" என்று கேட்டது, ஒன்றையும் விடவில்லை. எட்வர்டின் கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது. நான் முடித்த பிறகு வாசலில் கிடந்த அக்காவின் வேலைச் செருப்பைப் பார்த்தார்.

"இருபது வருஷமா கூட இருக்கேன்" என்றார்.